ராவேலையும் மார்பகப் புற்றுநோயும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

(சுகாதாரப் பாடம்)



அண்மையில் ஒரு தோட்டத்தின் மாதர் கூட்டத்தில் பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முடியும் நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழும்பினார். அவர் ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்பவர். கொழுந்து கூடுகிற மாதங்களில் ராவேலைக்கும் போகிறவர்.

"மிஸ்ஸி, ராவேலை செய்யிற பொம்பளைங்களுக்குப் புத்துநோய் வரும்னு பேசிக்கிறாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ராவேலை செஞ்சா தூக்கந்தான் வரும்" என்றார் ஒருவர். கேள்வி கேட்ட அக்கா சிரிக்கவில்லை. அன்று ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அது ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அதனால் இந்த இதழின் பாடத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆண்களும் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

ராவேலை என்பது எது?

விடியக்காலை 4 மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். "எங்களுக்கும் அந்தப் பயம் உண்டா?" என்று அவர்கள் கேட்கலாம். அது களைப்பான வாழ்க்கைதான். ஆனால் இந்தப் பாடத்தில் நாம் பேசுகிற ராவேலை அது அல்ல. ஊர் தூங்குகிற நேரத்தில், முக்கியமாக நள்ளிரவிலிருந்து விடியக்காலை 5 மணி வரையான நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் நின்று செய்யும் வேலையையே இங்கு ராவேலை என்கிறோம். எப்போதாவது ஒரு நாள் அல்ல. மாதா மாதம், வருடக் கணக்கில் செய்வது.

தேயிலை ஸ்டோர் ராவில் தூங்குவதில்லை என்பது நமக்குத் தெரியும். பின்னேரம் வந்து சேரும் கொழுந்தை 12 முதல் 18 மணித்தியாலம் வரை வாட்ட வேண்டும். வாடிய கொழுந்தைச் சாமத்திலோ விடியுமுன்போ அரைக்கத் தொடங்குவார்கள். இதில் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள். தூள் சலிப்பதிலும் காம்பு பொறுக்குவதிலும் பெண்கள் அதிகம். வேலை குவியும் காலத்தில் அவர்களுக்கும் ராவாகிவிடுகிறது.

தோட்டத்துக்கு வெளியேயும் பாருங்கள். 1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அங்குள்ள தைப்புத் தொழிற்சாலைகளுக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் போயிருக்கிறார்கள். இன்னும் சிலர் ஆஸ்பத்திரிகளில் தாதியராகவும் சிற்றூழியராகவும் இருக்கிறார்கள். கொழும்பு வீடுகளில் வயோதிபர்களைப் பார்த்துக்கொண்டு ராக் கண்விழிப்பவர்களும் உண்டு. இந்தப் பாடம் அவர்கள் எல்லோருக்கும் உரியது.

உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு

லயத்துச் சேவல் வெளிச்சம் வருமுன்பே கூவுகிறது. அதற்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு மணிக்கூடு இருக்கிறது. அப்படி ஒன்று நமக்கும் உண்டு. எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடம்புச்சூடு குறைய வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் நடத்துகிறது. இந்த மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். கண் வழியாக வெளிச்சம் போகும்போது மூளை அதைப் பகல் என்று எடுத்துக்கொள்கிறது. இருட்டியதும், மூளையின் நடுவே இருக்கும் பினியல் என்ற மிகச் சிறிய சுரப்பி, மெலட்டோனின் என்ற ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது. "ராவாகிவிட்டது, ஓய்வெடு" என்று உடம்பு முழுவதற்கும் அது செய்தி சொல்கிறது. ராவில் பளிச்சென்ற விளக்கின் கீழ் நின்றால் இந்தச் சுரப்பு குறைந்துபோகிறது.

மெலட்டோனின் குறைந்தால் தூக்கம் மட்டுமா கெடுகிறது? மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதை மெலட்டோனின் மந்தப்படுத்துகிறது என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். அத்துடன், உடம்பின் மணிக்கூடு குழம்பினால், பழுதான கலங்களைத் திருத்தும் வேலையும் குழம்பலாம். "மின்சார வெளிச்சம் பெருகிய நாடுகளில் மார்பகப் புற்றுநோய் கூடுவதற்கு ராவெளிச்சமும் ஒரு காரணமாக இருக்குமோ?" என்ற கேள்வியை 1987ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுப்பினார். அதன் பிறகுதான் பெரிய ஆய்வுகள் தொடங்கின.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்கத் தாதியரைப் பற்றிய ஆய்வு. ஏறக்குறைய 78,500 தாதியரை 1988ஆம் ஆண்டிலிருந்து 10 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பகல் வேலையோடு மாதம் மூன்று இரவாவது ராவேலையும் செய்தவர்களையும், ராவேலையே செய்யாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 2001ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 30 வருடமோ அதற்கு மேலோ அப்படி ராவேலை செய்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் 36 வீதம் அதிகமாக இருந்தது. அதைவிடக் குறைந்த காலம் செய்தவர்களிடம் கண்ட வேறுபாடு 8 வீதம் அளவுதான். அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு.

36 வீதம் என்றவுடன், "நூறு பேரில் 36 பேருக்கு வருமா?" என்று பயந்துவிட வேண்டாம். கணக்கு அப்படி அல்ல. ராவேலை செய்யாத பெண்கள் ஒரு பெருங்கூட்டத்தில் 100 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவான கூட்டம் 30 வருடம் ராவேலை செய்திருந்தால் 136 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். இரண்டு கூட்டத்திலும் நோய் வராதவர்களே மிக மிக அதிகம்.

அதே 2001ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டிலிருந்தும் இதே மாதிரியான ஒரு முடிவு வந்தது. பின்னர் அந்த நாட்டில், 20 வருடத்துக்கு மேல் கிழமைக்கு ஒரு இரவாவது வேலை செய்து மார்பகப் புற்றுநோய் கண்ட ஏறக்குறைய 40 பெண்களுக்கு, தொழிலால் வந்த நோய் என்று ஏற்று நட்டஈடும் கொடுத்தார்கள். 2009ஆம் ஆண்டில் உலகமெங்கும் பேசப்பட்ட செய்தி அது.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். தங்கள் நாட்டு ஆய்வுகளையும் மற்ற நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து, பத்து ஆய்வுகளில் இருந்த 14 இலட்சம் பெண்களின் விபரங்களைப் பார்த்தார்கள். ராவேலை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வேறுபாடே இல்லை என்பது அவர்கள் முடிவு. "அந்த ஆய்வில் இருந்த பெண்கள் பலர் வயதானவர்கள், வேலையை விட்டு வெகுகாலம் ஆனவர்கள், அதனால் உண்மை மறைந்திருக்கலாம்" என்று வேறு ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. எந்தப் பொருள், எந்தத் தொழில் புற்றுநோயை உண்டாக்கும் என்று தரம் பிரிப்பது அதன் வேலை. அந்த நிலையம் 2007ஆம் ஆண்டில், உடம்பு மணிக்கூட்டைக் குழப்பும் முறைமாற்று வேலை "பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்று தரப்படுத்தியது. 2019ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் மீண்டும் கூடி எல்லா ஆய்வுகளையும் பார்த்தார்கள். இங்கிலாந்து ஆய்வையும் பார்த்தார்கள். அதன் பிறகும் ராவேலையை அதே தரத்திலேயே வைத்தார்கள்.

"பெரும்பாலும்" என்றால் என்ன?

இந்தச் சொல்லில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தத் தரம் ஆபத்து எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. சாட்சி எவ்வளவு பலமானது என்றே சொல்கிறது. கோர்ட்டில் வழக்கு நடப்பது போலத்தான். புகையிலைக்கும், வெற்றிலை போடும் பழக்கத்துக்கும், சாராயத்துக்கும் எதிராகச் சாட்சி பூரணமாகிவிட்டது. குற்றம் நிரூபணமான முதலாம் தரத்தில் அவை இருக்கின்றன. ராவேலை அதற்கு அடுத்த தரத்தில் இருக்கிறது. சந்தேகம் பலமாக இருக்கிறது, ஆனால் தீர்ப்பு முடியவில்லை.

இன்னொன்று சொன்னால் விளங்கும். 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதையும் குடிப்பதும் 2016ஆம் ஆண்டிலிருந்து இதே இரண்டாவது தரத்தில்தான் இருக்கிறது. அது தொண்டைக்குக் கீழே உணவு இறங்கும் குழாயைப் பாதிக்கும் என்ற சந்தேகம். குற்றம் தேயிலையில் அல்ல, சூட்டில். அதற்காக நாம் தேத்தண்ணியை விட்டுவிடவில்லை. கொஞ்சம் ஆறவைத்துக் குடிக்கிறோம். ராவேலையையும் அந்த மாதிரித்தான் பார்க்க வேண்டும். பயந்து வேலையை விடச் சொல்வதல்ல இந்தப் பாடம். சூட்டைக் குறைக்கிற வழியைச் சொல்வதே இந்தப் பாடம்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நம் நிலைமை அந்த அமெரிக்கத் தாதியரின் நிலைமையைவிடக் கடினம். அவர்கள் பகலில் தனி அறையில் திரை போட்டுத் தூங்கியிருப்பார்கள். நமக்கு லயத்தில் இருப்பது ஒன்றோ இரண்டோ காம்பிரா. பகலில் பிள்ளைகளின் சத்தம், பக்கத்துக் காம்பிராவில் ரேடியோ, விறகு, தண்ணீர், சமையல். ராவேலை முடித்து வந்த பெண் பகலில் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறாள். தூக்கம் கடனாகவே போகிறது.

வீட்டார் செய்ய வேண்டியது

ஆண்கள் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

ராவேலை முடித்து வந்தவர் பகலில் தூங்குவது சோம்பேறித்தனம் அல்ல. ராவில் நாம் தூங்கிய தூக்கத்தைத்தான் அவர் பகலில் தூங்குகிறார். "பகலெல்லாம் தூங்குறா" என்று மாமியார் குறை சொல்வதும், "தண்ணி எடுத்து வைக்கலையா" என்று புருஷன் சத்தம் போடுவதும் நிற்க வேண்டும். வீட்டில் எல்லோரும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அவர் வருமுன்பே தண்ணீரும் விறகும் எடுத்து வைத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பிராவில் விடும் வேலையை வேறொருவர் பொறுப்பெடுக்கட்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ தடித்த சாக்கோ கட்டி காம்பிராவை இருட்டாக்குங்கள். முடியாவிட்டால் ஒரு துணியை மடித்துக் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு தூங்கலாம். ஒரே மூச்சில் ஆறேழு மணித்தியாலம் தூங்க விடுவது நல்லது. அது முடியாத வீட்டில், காலையில் நாலு மணித்தியாலமும் பின்னேரம் இரண்டு மணித்தியாலமும் என்று பிரித்தாவது தூங்கட்டும்.

ராவேலை செய்பவர் தாமும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சாமத்தில் இலேசாக ஏதாவது சாப்பிடுவது நல்லது. வேலை முடிய மூன்று நாலு மணித்தியாலம் இருக்கும்போதே தேத்தண்ணியை நிறுத்திவிட்டால் காலையில் தூக்கம் வரும். தூக்கத்துக்கு என்று கடையில் எந்த மாத்திரையும் வாங்கக் கூடாது. மெலட்டோனின் மாத்திரையும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

வெற்றிலையைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. "கண்ணைச் சொக்குது, ஒரு வாய் போட்டுக்கிறேன்" என்று ராவேலையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். ராவேலைக்கு எதிரான சாட்சி இன்னும் முடியவில்லை என்றேன். பாக்குக்கு எதிரான சாட்சி முடிந்துவிட்டது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் வாய்ப் புற்றுநோய் உண்டாகும் என்று உறுதியாகியிருக்கிறது. சின்னச் சந்தேகத்துக்குப் பயந்துகொண்டு, நிச்சயமான ஆபத்தை மடியில் கட்டிக்கொண்டு போகலாமா? கண் சொக்கினால் முகம் கழுவுங்கள், பத்து நிமிஷம் எழும்பி நடங்கள். வாயில் வெள்ளைத் தழும்போ, சிவப்புத் தழும்போ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1919ஆம் ஆண்டில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் முதல் மாநாட்டிலேயே, தொழிற்சாலைகளில் பெண்களுக்கு ராவேலை கூடாது என்று உடன்படிக்கை செய்தார்கள். நம் நாட்டிலும் பெண்கள், இளைஞர், பிள்ளைகளைத் தொழிலில் அமர்த்துவது பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியில் வந்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெண்களின் ராவேலைக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். அவற்றில் முக்கியமானவை இவை:

1. எந்தப் பெண்ணையும் அவரது விருப்பத்துக்கு மாறாக ராவேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

2. இரவு 10 மணிக்குப் பின் பெண்களை வேலைக்கு வைக்க, தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

3. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் வேலை செய்த பெண்ணை, அன்று இரவு 10 மணிக்குப் பின் வேலைக்கு வைக்கக் கூடாது.

4. ராவேலைக்குச் சாதாரண சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

5. பெண்களின் நலன் பார்க்கப் பெண் மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். ஓய்வறையும் சிற்றுண்டி வசதியும் வேண்டும்.

6. ஒரு பெண்ணை ஒரு மாதத்தில் 10 நாளுக்கு மேல் ராவேலையில் வைக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையை மறுபடியும் வாசியுங்கள். பல வருடம், அடுக்கடுக்கான இரவுகள் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. அதற்கு வெகுகாலம் முன்பே நம் சட்டம் மாதத்துக்கு 10 என்று வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. ஒரு சிறிய கொப்பியில் ஒவ்வொரு மாதமும் எத்தனை இரவு வேலை செய்தீர்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். கணக்கு கூடினால் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ காட்டுங்கள். தொழில் திணைக்களத்தின் பிரதேச காரியாலயத்திலும் விசாரிக்கலாம்.

10 இரவை எப்படி அடுக்குவது என்பதும் முக்கியம். 2020ஆம் ஆண்டில் டென்மார்க் முதலான நாடுகளின் ஆய்வாளர்கள் ஓர் ஆலோசனை சொன்னார்கள். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். ஒரு வேலைமுறைக்கும் அடுத்ததுக்கும் இடையில் 11 மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும். ஒரு இரவில் 9 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வேண்டாம். கருவுற்ற பெண்ணுக்குக் கிழமைக்கு ஒரு இரவுக்கு மேல் வேண்டாம். இது நம் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனால் டீமேக்கரிடமோ துரையிடமோ முறை போடுவதைப் பற்றிப் பேசும்போது, "பத்தையும் ஒரே அடியாகப் போடாமல் மூன்று மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. அதனால் ஸ்டோர் வேலையும் கெடாது.

பகலில் திறக்கும் கிளினிக்

இப்போது அந்த அக்காவிடம் திரும்புவோம். கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. எல்லோரும் போன பின் பக்கத்தில் வந்து, மெதுவாக, "மிஸ்ஸி, எனக்கு இங்கன ஒரு கட்டி இருக்கு. நோவு ஒன்னும் இல்ல" என்றார்.

"எவ்வளவு நாளா அக்கா?"

"அஞ்சு மாசம் இருக்கும். நோவு இல்லாத கட்டிதானேன்னு விட்டுட்டேன். கிளினிக் நடக்கிறது பகல்ல. நான் ராவேலை முடிஞ்சு வந்து படுத்துர்றேன். எழும்பினா கிளினிக் முடிஞ்சு போயிருது. ஒருநா லீவு போட்டா பேரு போயிரும்."

இதைக் கேட்ட பிறகுதான், ராவேலையின் பெரிய ஆபத்து எது என்று எனக்கே தெளிவாகியது. வெளிச்சமும் மெலட்டோனினும் உண்டாக்கும் கூடுதல் ஆபத்து இருந்தாலும், அது சிறியது. ஆனால் ராவேலை செய்யும் பெண் பகலில் திறக்கும் எல்லாவற்றையும் இழக்கிறாள். கிளினிக்கையும் இழக்கிறாள், மருத்துவமாதுவின் வருகையையும் இழக்கிறாள், இந்த மாதிரிக் கூட்டங்களையும் இழக்கிறாள். மார்பகப் புற்றுநோயில் நாள் போகப்போக வைத்தியம் கடினமாகிறது. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

நோவு இல்லை என்பது நல்ல அடையாளம் அல்ல. தொடக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் நோவதில்லை. அதேநேரம், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. எது எது என்று கையால் தடவி நாமே தீர்மானிக்க முடியாது.

20 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒரு தடவை, மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழிந்த பின், தன் மார்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். குளிக்கும்போது, விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, மார்பு முழுவதையும் கமக்கட்டையும் சேர்த்துத் தடவிப் பார்க்க வேண்டும். கட்டி, தடிப்பு, தோல் தோடம்பழத் தோல் மாதிரி ஆவது, தோலில் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுபடுவது, காம்பிலிருந்து இரத்தம் வருவது, கமக்கட்டில் வீக்கம் ஆகிய எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். தாயோ சகோதரியோ இந்த நோயால் பாதிக்கப்பட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் அங்கு பார்ப்பார்கள். காசு இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் ராவேலைக்கும் தொடர்பு இல்லை. அது ஒரு வைரசினால் வருகிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். அந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017ஆம் ஆண்டிலிருந்து பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. உங்கள் மகளுக்குப் போட்டாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2002ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு தாய் மொத்தமாகப் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4 வீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்று கண்டார்கள்.

அந்த அக்காவை மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கூடப் போக அவரது மூத்த மகள் ஒருநாள் வேலையை விட்டாள். ஸ்கேன் எடுத்து, ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு கிழமையில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. "அஞ்சு மாசமா ராவேலை இல்லாத ராவுலயும் எனக்குத் தூக்கமில்ல மிஸ்ஸி" என்றார். முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால், அந்த ஐந்து மாதத்தை யாரும் திருப்பித் தந்திருக்க முடியாது.

இப்போது அந்தத் தோட்டத்தில் மாதர் சங்கம் ஓர் ஒழுங்கு செய்திருக்கிறது. கிளினிக் நாளுக்கு முந்தின இரவு, கிளினிக்குக்குப் போக வேண்டிய பெண்களுக்கு ராவேலை முறை போடுவதில்லை என்று ஸ்டோரில் பேசி முடித்திருக்கிறார்கள். செலவில்லாத காரியம். உங்கள் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மாதர் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் தோட்டத்திலிருந்து ராவேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்? வெளியூரில் ராவேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்தப் பாடத்தை எப்படிச் சேர்ப்பது?

2. கடந்த மாதம் யாராவது 10 இரவுக்கு மேல் வேலை செய்தார்களா? ஒன்றரை மடங்குச் சம்பளம் கிடைத்ததா?

3. ராவேலை முடித்து வருபவர் பகலில் தூங்க நம் வீட்டில் என்ன வசதி செய்யலாம்?

4. 35 வயதுக்கு மேற்பட்டும் இன்னும் கிளினிக்குக்குப் போகாதவர்கள் யார்? அடுத்த கிளினிக்குக்கு யார் யாரோடு துணைக்குப் போவது?

நாலாவது கேள்விக்குப் பெயர்களை எழுதி மருத்துவமாதுவிடம் கொடுத்துவிடுங்கள். முதல் பெயர் ராவேலைக்காரியின் பெயராக இருக்கட்டும்.